கம்மியர் திலகம் ஹென்றி மோட்ஸ்லி

மன்னர் வரலாறும் மந்திரியர் வரலாறும் நம் பாடநூல்களில் நிரம்ப உள. கரியும் எண்ணெயும் படிந்த கையினராய்ப் பட்டறையில் நின்று உலகின் போக்கை மாற்றியமைத்த தொழிலாளர் வரலாறோ ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகின்றது. அங்ஙனம் சுருக்கி உரைக்கப்படுவோருள் ஒருவர் ஆங்கில நாட்டுக் கம்மியர் ஹென்றி மோட்ஸ்லி. நீராவி எந்திரத்தைத் திருத்தியமைத்த ஜேம்ஸ் வாட்டின் பெயரைச் சிறுவரும் அறிவர். எந்திர உறுப்புக்களைப் பிழையின்றிக் கடைதற்கு வேண்டிய பொறியைச் செப்பஞ்செய்து தந்த மோட்ஸ்லியின் பெயரை அறிந்தார் சிலரே. கல்லூரியிற் பயில்வோரும் பயின்று சென்றோரும் அவர் வரலாற்றை அறிதல் பெரிதும் பயனுடைத்து.

தொண்டைமானாற்றுக் கரையில் வாழ்வார்க்கு அவர் முற்றும் அயலவர் அல்லர். கடனீரேரி கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த இவ்வூரும், அயலிலுள்ள வல்வெட்டித்துறையும் பாய்க்கப்பல்களாற் பெயர்பெற்றவை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னுங் கப்பல், வேற்றுப் பெயர் பூண்டு, அத்திலாந்திக்குப் பெருங்கடலைக் கடந்து, 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறையை அடைந்தமை வடமராட்சி மக்கள் பெருமையோடு நினைவுகூரும் செய்தியாகும். பாய்க்கப்பலுக்குக் கப்பிகள் இன்றியமையாதவை. பாயை ஏற்றலும் இறக்கலும், மரங்களைத் திருப்பலும், பாரந் தூக்கலும் எல்லாம் கப்பிகளின் வழியாகவே நிகழும். கப்பியின் கூட்டினுள்ளே ஓர் உருளை. உருளையின் நடுவே ஓர் ஆணி. அவ்வாணி ஓரிடத்திற் பருத்தும் பிறிதோரிடத்தில் மெலிந்தும் இருக்குமாயின் உருளை இடறும். காற்று மிகுந்த வேளையிற் பாய் இறங்க மறுக்கும். கப்பலில் உள்ளாரின் உயிர் விரலளவினதாகிய ஓர் இரும்பாணியின் உருட்சியைப் பொறுத்து நிற்கும். அத்தகைய ஆணிகளை ஆயிரக்கணக்கில் ஒரே அளவினவாய்க் கடைதற்கு வழிசெய்தவர் மோட்ஸ்லி.

இளமை

தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ஊலிச் என்னும் ஊரில் 1771 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 22 ஆம் நாள் ஹென்றி பிறந்தார். தந்தையார் படையிற் பணிபுரிந்து காயமுற்றவர். பின்னர் அவ்வூர்ப் படைக்கலச் சாலையிற் பண்டகக் காவலராயிருந்தவர். மக்கள் எழுவருள் ஹென்றி ஐந்தாமவர். தந்தையார் 1780 ஆம் ஆண்டில் இறந்தமையால் குடும்பம் வறுமையுற்றது. பன்னிரண்டாம் வயதிலேயே சிறுவர் படைக்கலச் சாலையில் வெடிமருந்து நிரப்பும் வேலைக்குச் சென்றார். இரண்டாண்டு கழித்துத் தச்சுச் சாலைக்கு மாற்றப்பெற்றார். ஆயினும், அவர் மனம் மரத்திற் படியவில்லை. அயலிலிருந்த உலைக்களத்திலே சென்று படிந்தது. பதினைந்தாம் வயதிற் கொல்லுத்தொழில் பயிலத் தொடங்கினார். காய்ந்த இரும்பை அடித்து நீட்டுதலிலும், குளிர்ந்த இரும்பை அரத்தால் அராவித் தட்டையாக்குதலிலும் அவர்க்கு நிகராவார் அச்சாலையில் இலர் என்னும் பெயர் விரைவிற் பரவியது.

அக்காலத்தில் இலண்டனில் ஜோசப் பிராமா என்பார் ஒருவர் இருந்தார். எளிதில் திறக்கவொண்ணாத பூட்டொன்றை வகுத்து 1784 ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றவர் அவர். பூட்டின் அமைப்பு மிக நுட்பமானது. அதன் உறுப்புக்களைக் கையாற் செய்தால் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாயின. ஒரு பூட்டிற்குச் செய்த உறுப்பு மற்றொன்றிற்குப் பொருந்தவில்லை. நுட்பமான வேலைக்குத் தக்க ஆளைத் தேடிய பிராமாவுக்கு ஊலிச் இளைஞரின் பெயர் எட்டியது. 1789 ஆம் ஆண்டளவில், பதினெட்டு வயதினராகிய மோட்ஸ்லி அவர் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

பிராமாவின் பட்டறையில்

முறைப்படி ஏழாண்டு பயிலாத இளைஞரைத் தேர்ந்த தொழிலாளரோடு ஒருங்கு நிறுத்துதற்குப் பட்டறையார் தயங்கினர். அதுகண்ட மோட்ஸ்லி, அங்கே தேய்ந்து கிடந்த வைஸ் என்னும் இறுக்கி ஒன்றைக் காட்டி, அதனை அன்று மாலைக்குள் செப்பஞ்செய்து தந்தால் தம்மை ஏற்பரோ என வினவினர் எனவும், மாலை மணி அடிக்குமுன் புத்துருக்குப் பற்களை இணைத்து, அராவி, பதமேற்றி அதனைப் புதியது போலாக்கினர் எனவும் அவர் சரிதம் எழுதினோர் கூறுவர். சான்றிதழ் கையில் இல்லாதார்க்குச் செய்கையே சான்றாயிற்று.

பிராமா தம் பூட்டொன்றைக் கடையின் சாளரத்தில் வைத்து, கருவிகொண்டு அதனைத் திறப்பார்க்கு 200 கினி பரிசென்று அறிவித்தார். அப்பூட்டைச் செய்தவர் மோட்ஸ்லியே. 1851 ஆம் ஆண்டிலே அமெரிக்கராகிய ஹொப்ஸ் என்பார் பல நாள் முயன்று அதனைத் திறக்குமளவும் அது எவர்க்கும் இணங்கவில்லை. பிராமாவின் நீரியல் அமுக்கியில் நீர் கசியாவண்ணம் தடுக்கும் கிண்ண வடிவத் தோல் அடைப்பும் மோட்ஸ்லியின் கருத்தே என்பர்.

1791 ஆம் ஆண்டில், பிராமாவின் இல்லத்திற் பணிபுரிந்த சாரா என்னும் நங்கையை மோட்ஸ்லி மணந்தார். மக்களும் பிறந்தனர். பட்டறையின் தலைமைத் தொழிலாளராய் உயர்ந்தும் அவர் பெற்ற ஊதியம் வாரம் 30 சிலிங் மட்டுமே. குடும்பத்தின் தேவையை எடுத்துரைத்து, ஊதியத்தைச் சிறிது கூட்டுமாறு வேண்டினார். பிராமா மறுத்தார். 1797 ஆம் ஆண்டில் மோட்ஸ்லி அவரை விட்டு நீங்கி, இலண்டன் வெல்ஸ் வீதியிலே சிறியதொரு பட்டறை திறந்தார். சில சிலிங்குகளை மிச்சப்படுத்த எண்ணித் தம் காலத்தின் தலைசிறந்த கம்மியரை இழந்தார் பிராமா. மோட்ஸ்லியின் புதிய பட்டறைக்கு வந்த முதல் வேலை, ஓவியர் ஒருவரின் படந்தாங்கிக்கு இரும்பு வேலைப்பாடு செய்தல் எனச் சொல்லப்படுகின்றது.

கடைதலின் இலக்கணம்

மோட்ஸ்லியின் பெருமையை உணர்தற்குக் கடைதலின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். தயிர் கடையும் மத்திற் கயிற்றைச் சுற்றி இருபுறமும் மாறிமாறி இழுப்பது போலவே, பண்டைக் கடைசற்காரரும் மரக்கோலிற் கயிற்றைச் சுற்றி இழுத்துச் சுழற்றினர். இரு செயலுக்கும் தமிழிற் கடைதல் என்னும் ஒரு சொல்லே வழங்குதல் கருதத்தக்கது. சுழலும் கோலில் உளியைக் கையாற் பிடித்துக் கட்டிற்காலும் தொட்டிற்காலும் கடைந்தனர். மரத்திற்குக் கை போதும். இரும்போ உளியை உதறித் தள்ளும். கை சிறிது நடுங்கினும் அளவு கெடும்.

உலோகக் கடைசற்பொறியை நம் பட்டறைகளில் லேத் என வழங்குவர். அதிற் பயில்வோர்க்கு ஆசிரியர் முதலிற் கற்பிப்பனவற்றுள் ஒன்று, இரு மையமுனைகளுக்கிடையே கோலை நிறுத்திக் கடைதல். கோலின் இரு தலைகளையும் தட்டையாக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் 60 பாகைச் சரிவுடைய சிறு குழி துளைப்பர். பொறியின் தலைப்பக்கத்து முனை ஒரு குழியிலும், வாற்பக்கத்து முனை மற்றக் குழியிலும் பதியும். தலைப்பக்கத்திற் கோலொடு பூட்டிய கவ்வியை முகத்தட்டு உந்த, கோல் சுழலும். இம்முறையின் சிறப்பு யாதெனின், சுழற்சியின் அச்சு கோலிலுள்ள இரு குழிகளிலேயே தங்கிவிடுதலாம். கோலைக் கழற்றி, அளந்து, தலைமாற்றி மீண்டும் ஏற்றினாலும் அச்சு மாறாது. தாடைகளாற் கவ்விப் பிடித்த கோலை ஒருமுறை கழற்றி மீண்டும் பூட்டினால் அச்சு முன்போல் அமைதல் அரிது.

எளிதெனத் தோன்றும் இவ்வேலையிற் பயில்வோனை ஏமாற்றுவன பல. வாற்பக்கத்து முனை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு விலகி நின்றாலும், கோலின் ஓரந்தத்து விட்டம் மற்றையந்தத்தினின்றும் ஆயிரத்தில் இரு பங்கு வேறுபடும். ஆதலின், முதலில் மெல்லியதாக ஒருமுறை கடைந்து, இருபுறமும் அளந்து, வாற்பக்கத்தைத் திருத்திய பின்னரே மேற்செல்லல் வேண்டும். சுழலாத முனையின்மேற் கோல் சுழல்வதால் அவ்விடத்தில் எண்ணெயோ கொழுப்போ இடாவிடிற் குழி காய்ந்து முனை கருகும். கடையும்போது எழும் வெப்பத்தாற் கோல் நீளும். 12 அங்குல உருக்குக் கோல் 50 பாகை சதமளவு சூடேறினால் ஆயிரத்தில் ஏழு பங்கு அங்குலம் நீளும். நீள இடமின்றி இரு முனைகளும் நெருக்கினால் அது வளையும். இடையிடையே பொறியை நிறுத்தி முனையைத் தளர்த்தி மீண்டும் அளவாக இறுக்குதலை அறியாதவன் கடைசல் அறியாதவனே. நீண்டு மெலிந்த கோல் உளியின் உந்தலால் நடுவில் விலகுதலின், நடுவிற் பருத்து நிற்கும். அதற்கு இடையில் ஒரு தாங்கல் கொடுத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் சரிசெய்தும் உளி நேர்வழியிற் செல்லாவிடிற் பயனில்லை. அக்குறையை நீக்குதலே மோட்ஸ்லி மேற்கொண்ட தொண்டு. உளியைக் கையினின்றும் எடுத்து, நேரிய இரும்புச் சட்டங்களின்மேல் நழுவிச் செல்லும் தாங்கியிற் பூட்டினார். அத்தாங்கியை நீண்டதொரு வழிகாட்டும் திருகாணியால் நகர்த்தினார். அத்திருகாணியையும் சுழலும் கோலையும் பற்சில்லுகளால் இணைத்தார். கோல் ஒருமுறை சுழலும்போது உளி எத்துணைத் தூரம் நகர வேண்டும் என்பதைப் பற்சில்லுகளை மாற்றி விரும்பியவாறு அமைக்கலாயிற்று. ஏறத்தாழ 1800 ஆம் ஆண்டளவில் அவர் செய்த இத்தகைய பொறி இலண்டன் அறிவியல் அரும்பொருட்சாலையிற் போற்றப்படுகின்றது.

இவ்வுறுப்புக்கள் ஒவ்வொன்றையும் மோட்ஸ்லியே முதன்முதற் கண்டார் என்றல் பொருந்தாது. நழுவும் தாங்கியைப் பிரான்சிலும் உருசியாவிலும் முன்னரே சிலர் அமைத்திருந்தனர். இங்கிலாந்தில் ராம்ஸ்டன் என்பார் திருகாணி வெட்டும் நுண்பொறி செய்திருந்தார். இவற்றையெல்லாம் ஒருங்கு சேர்த்து, மரத்தை நீக்கி முழுவதும் உலோகத்தாலாக்கி, நாளும் வேலைசெய்யும் பட்டறைக்கு ஏற்றதாக உறுதிப்படுத்தினமையே மோட்ஸ்லியின் சிறப்பு. அதற்குமுன் ஒவ்வொரு திருகாணியும் தன் சுரையோடு மட்டுமே பொருந்தும். ஓர் எந்திரத்தைப் பிரித்தால் எந்த ஆணி எந்தத் துளைக்குரியது என அடையாளமிட்டு வைத்தல் வேண்டும். மோட்ஸ்லியின் பட்டறையிலோ ஓரளவினவாகிய ஆணிகள் எல்லாம் ஓரளவினவாகிய சுரைகள் எல்லாவற்றிற்கும் பொருந்தின.

கப்பி செய்த பொறிகள்

ஆங்கிலக் கடற்படை நெப்போலியனோடு பொருத காலம் அது. பெரிய போர்க்கப்பல் ஒன்றிற்கு ஏறத்தாழ ஆயிரம் கப்பிகள் வேண்டியிருந்தன. அவற்றைப் பொறிகளாற் செய்யும் திட்டத்தை வகுத்தவர் மார்க் இசம்பார்ட் புரூணல் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர். வரைபடத்திலிருந்த கருத்தை இரும்பில் வடித்துத் தந்தவர் மோட்ஸ்லி. போட்ஸ்மத் துறைமுகத்திற்காக ஏறத்தாழ 45 பொறிகளை 1802 ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகளிற் செய்து முடித்தார். கூட்டிற்கு மரம் அறுத்தல், துளையிடல், உருளையைக் கடைதல், ஆணியைக் கடைதல் என ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பொறி அமைந்தது. 1808 ஆம் ஆண்டில் 130,000 கப்பிகள் செய்யப்பட்டன. அப்பொறிகளுட் சில இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இயங்கின என்றால், அவற்றின் உறுதியை என்னென்பது!

இவ்வெற்றிக்கு மறுபுறம் ஒன்றுண்டு. கைத்தேர்ச்சி மிக்க 110 பேர் செய்த வேலையைப் பயிற்சியில்லாத பத்துப் பேர் இப்பொறிகளைக் கொண்டு செய்தனர். தலைமுறை தலைமுறையாகக் கப்பி கடைந்த கைகளுக்கு வேலை அற்றது. வரலாறு கூறுவார் இதனை மறைத்தல் அறமன்று. பொறி வந்தவிடத்தில் ஒருவகைத் திறமை விலையிழக்கும். பொறியைச் செய்யும் திறமையும், பழுது கண்டு திருத்தும் திறமையும் விலையேறும். போட்ஸ்மத்திற் பொறியை இயக்கினார்க்குப் பயிற்சி வேண்டப்படவில்லை. அப்பொறியைச் செய்த மோட்ஸ்லியின் தொழிலாளர்க்கோ முன்னினும் நூறு மடங்கு நுட்பம் வேண்டப்பட்டது. கணினி உளியை நடத்தும் இக்காலத்தும் இவ்வுண்மை மாறவில்லை. பொறியின் ஏவலாளராய் நிற்பதா, அதன் இயல்பறிந்த தலைவராய் நிற்பதா என்பதை இளைஞர் பயிலுங் காலத்திலேயே தெளிதல் வேண்டும்.

அளவையும் ஆசிரியமும்

பட்டறை வளர்ந்தது. 1810 ஆம் ஆண்டளவில் லாம்பெத் பகுதிக்குப் பெயர்ந்து, பின்னர் மோட்ஸ்லி, புதல்வர், பீல்ட் என்னும் பெயரால் உலகப் புகழ்பெற்றது. 1825 ஆம் ஆண்டில் இங்கிலாந்தினின்றும் புறப்பட்டு 113 நாளிற் கல்கத்தாவை அடைந்த என்டர்பிரைஸ் என்னும் நீராவிக் கப்பலின் எந்திரங்கள் இப்பட்டறையிலே செய்யப்பட்டவை. பாயையும் காற்றையும் நம்பிய நம் கீழைக் கடலுக்கு நீராவியின் காலம் வருவதை அக்கப்பல் முன்னறிவித்தது. கப்பிகளாற் பாய்க்கப்பலை வளம்படுத்திய அதே கை, அதனை வெல்லும் எந்திரத்தையும் செய்தது வியப்பன்றோ!

இத்துணைப் பெரிய தொழிலின் அடித்தளம் அளவையே என்பதை மோட்ஸ்லி நன்குணர்ந்திருந்தார். தொழிலாளர் தம் வேலையின் சமநிலையைத் தாமே சோதிக்குமாறு சமதளத் தட்டுகளை அவர்தம் மேசைகளில் வைத்தார். ஓர் அங்குலத்தைப் பதினாயிரம் கூறிட்டு அதில் ஒரு கூற்றை அளக்கவல்ல நுண்மானித் திருகுக் கணிச்சி ஒன்றையும் தம் கையாலே செய்தார். அளவுபற்றி எழும் வழக்கெல்லாம் இறுதியில் அக்கருவியிடமே தீர்ப்புக்குச் சென்றமையால், நாட்டின் தலைமை நீதிக்குரிய லோட் சான்சலரின் பெயரை அதற்கு வழங்கினர். பட்டறை முதல்வரின் சொல்லும் அக்கருவியின் முன் செல்லாது. அதிகாரத்திற்கு மேலாக அளவையை வைத்த அப்பண்பு எந்த நிறுவனத்திற்கும் அணியாகும்.

மாணாக்கர்க்கு அவர் கூறிய அறிவுரைகள் எளியவை. செய்யக் கருதியது யாது என்பதை முதலில் தெளிவாக மனத்திற் கொள்ளவேண்டும். வேண்டாத பாரத்தை ஒவ்வோர் இறாத்தலாகக் குறைக்கவேண்டும். சிக்கலைத் தவிர்த்து எதனையும் இயன்றவரை எளிமையாக்கவேண்டும் என்பன அவை. கடைந்த தண்டிற் பருத்த பகுதியும் மெலிந்த பகுதியும் கூடும் உள்மூலையைக் கூராக விடாது வளைத்து விடுதல் வேண்டும் என்பதையும் வற்புறுத்தினார். கூரிய உள்மூலையிலேதான் பிளவு தொடங்கும் என்பதைப் பிற்காலப் பொறியியலாளர் கணக்கினால் நிறுவினர். அவர் கண்ணாற் கண்டிருந்தார்.

அவர்தம் பட்டறையினின்றும் புறப்பட்டோர் வரிசை நீண்டது. உலோகத்தைச் சீவும் பொறியும் தானியங்கு நூற்புப் பொறியும் அமைத்த றிச்சட் றொபர்ட்ஸ். சார்ள்ஸ் பாபேஜின் கணிப்புப் பொறிக்கு உறுப்புக்கள் செய்த ஜோசப் கிளெமென்ற். நீராவிச் சம்மட்டியைக் கண்ட ஜேம்ஸ் நாஸ்மித். 1841 ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் ஒரே திருகாணி அளவை வகுத்தளித்த ஜோசப் விட்வேத் ஆகியோர் அவருள் சிலர். நாஸ்மித் 1829 ஆம் ஆண்டில், தம் கையாற் செய்த சிறிய நீராவி எந்திரத்தை எடுத்துக்கொண்டு வேலை வேண்டி வந்தார். மோட்ஸ்லி அதனை உற்று நோக்கினார்; இளைஞரைத் தம் சொந்த உதவியாளராகவே அமர்த்திக்கொண்டார். முன்னொருநாள் இறுக்கியைத் திருத்தித் தம் தகுதியைக் காட்டிய சிறுவர், முதியவராகிய பின்னும் தகுதியைக் காணும் முறையை மறந்திலர்.

1831 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பிரான்சிலிருந்த நண்பரைக் கண்டு மீளும்போது கடற்பயணத்திற் குளிர் தாக்கி நோயுற்றார். சில வாரங்களில், பெப்ரவரி 14 ஆம் நாள், தம் 59 ஆம் வயதில் மறைந்தார். பிறந்த ஊராகிய ஊலிச்சிலேயே அடக்கம்பெற்றார். அவரது கல்லறைச் சின்னம், அவர் தாமே வரைந்த அமைப்பின்படி வார்ப்பிரும்பால் ஆயது.

நமக்கு உரியது

நம் நாட்டிற் கல்வி நெடுங்காலம் எழுதுகோலையே நாடியது. ஆங்கிலம் கற்றுக் கணக்கராய் அமர்தல் மேன்மையென்றும், கருமான் பட்டறையில் நிற்றல் தாழ்வென்றும் கருதிய பெற்றோர் பலர். தொழிலைப் பிறப்போடு பிணைத்த வழக்கம் அக்கருத்திற்கு மேலும் வலிமையளித்தது. அதனால் இருசாராரும் இழந்தனர். பட்டறையில் இருந்தார்க்கு நூலறிவு எட்டவில்லை; நூலறிந்தார்க்குக் கையறிவு வாய்க்கவில்லை. தொண்டைமானாற்றிலும் வல்வெட்டித்துறையிலும் கப்பல் கட்டியோரின் நுண்ணறிவில் எத்துணையோ பகுதி ஏட்டில் ஏறாமலே மறைந்தமைக்கும் இப்பிரிவு ஒரு காரணம் எனலாம்.

மோட்ஸ்லி பள்ளியில் நெடிது பயின்றவர் அல்லர். ஆயினும் கற்றோரும் அவரிடம் கற்க வந்தனர். அவர் வரலாறு கல்வி வேண்டா என்று கூறவில்லை; கைபடாத கல்வி குறையுடைத்து என்று கூறுகின்றது. இரண்டு முனைகளும் நேர்நின்றாலன்றிக் கோல் உருண்டு திரண்டு வாராது. நூலறிவும் கையறிவும் அவ்விரு முனைகள் போல்வன. விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஒருமுறையேனும் பொறியின் முன் நின்று, ஓர் இரும்புக் கோலைக் கடைந்து, இரு தலையையும் தன் கையால் அளந்து பார்ப்பானாக. ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கும். நம் பழைய மாணவருட் பொறியியலிற் சிறந்து விளங்குவோர் இளையோர்க்கு அவ்வாய்ப்பை அளிப்பாராயின், அது கல்லூரிக்கு அவர்கள் செய்யும் நன்றிகளுள் தலையாயதாகும்.